கணவரின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள்

எங்கள் காவலர் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் அவளைக் கண்ணாடிக்கா என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தங்கை வயசு, அதனால் நான் வெறும் ‘கண்ணாடி’ என்பேன். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்த வேண்டும். அந்த இயந்திரத்திலிருந்து தண்ணீரோடு வெள்ளைச் சேறு மாதிரி வழியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் நகக்கண்ணில் அந்த வெள்ளை ஒட்டியிருக்கும். யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் மூக்கின் மேல்தான் போகும். “அக்கா, உங்க ஃபிரேம் ஒரு பக்கமா இறங்கியிருக்கு, கழட்டுங்க” என்று மாடிப்படியிலேயே நிறுத்தி, காதுக்கம்பியை வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டுத்தான் போக விடுவாள்.

புருஷன் கிடைத்ததும் அந்தக் கடையில்தான். அவர் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலர். வெயில் கண்ணாடி வாங்க வந்திருக்கிறார். “நான் எங்க பாக்கறேன்னு திருடனுக்குத் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு குடுங்க” என்றாராம். இவள் ஒன்றை எடுத்து நீட்டி, “இதைப் போட்டா உங்களுக்கே தெரியாது, பரவாயில்லையா?” என்றாளாம். அதிலிருந்து வாரம் ஒரு தடவை ஏதாவது ஒரு திருகு கழன்றுவிட்டது என்று வந்து நிற்பார். திருகை அவரே கழற்றிக்கொண்டுதான் வருகிறார் என்று இவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆகும் வரைக்கும் இவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

துறையில் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. ரோந்து வண்டியில் அவரோடு போனால் தூக்கம் வராது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். என் வீட்டுக்காரர் அதே துறையில் வண்டி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு வீடும் ஒரே தளத்தில் கதவுக்குக் கதவு எதிர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்கள் வீட்டில் குழாய் கெட்டாலும் விசிறி நின்றாலும் அந்தக் கதவைத்தான் தட்டுவேன். அவர்களுக்கு ஒரே பெண், பள்ளிக்கூடம் போகிறவள். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள்.

அவரை மாற்றிப்போட்ட சம்பவம் ஒரு மர அறுவைக் கூடத்தின் வாசலில் நடந்தது. அங்கே வேலை பார்த்த தச்சர் ஒருவர் பல நாளாகத் தூங்காமல் புத்தி தடுமாறிப்போய், கையில் உளியோடு முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆம்புலன்சுக்கும் சொன்னார்கள், காவல் நிலையத்துக்கும் சொன்னார்கள். காவலர்கள் முதலில் வந்துவிட்டார்கள். ரேடியோவும் கூட ஒருவரும். தச்சர் அந்தக் கூட்டாளியைப் பார்த்து நேராக நடந்து வந்திருக்கிறார். ரேடியோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கத்தினார். கையில் இருப்பதைக் கீழே போடச் சொன்னார், சுடுவேன் என்று எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். அந்த ஆள் நிற்கவில்லை. உளி எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் சுட்டுவிட்டார்.

சுட்ட பிறகு முதலுதவி செய்ய வேண்டும் என்பதும் விதி. தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை மண்டியிட்டிருந்தார். அப்போது அந்தத் தச்சர் ரொம்ப அமைதியாக, “மணி என்னண்ணே?” என்று கேட்டாராம். இவரும் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லியிருக்கிறார். “சரி” என்றாராம் அந்த ஆள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஒரு காவலர் சுட்டுவிட்டால் அதற்கப்புறம் என்ன நடக்க வேண்டும் என்று எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. துப்பாக்கியை உடனே வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். சுட்டவர் வீட்டில் இருக்க வேண்டும். துறை மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டும். விசாரணைக் குழு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. மருத்துவரிடம் போனவர் அவரிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு ‘பணிக்குத் தகுதி’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். குழு ஒவ்வொன்றாகக் கேட்டது. எச்சரித்தாரா, எச்சரித்தார். தூரம் சரியா, சரி. வேறு வழி இருந்ததா, இல்லை. கடைசியில் எல்லாம் விதிமுறைப்படியே நடந்திருக்கிறது, குறை ஏதுமில்லை என்று சொல்லிவிட்டது. கூட்டாளிகள் தோளில் தட்டினார்கள். ஒருவர் கேக் வாங்கி வந்தார். ஆய்வு முடிந்து திரும்பிய துப்பாக்கியை மறுபடியும் அவரிடமே கொடுத்தார்கள். அந்த எண் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. வேறொன்று வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சீருடையைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாராம். “ஒரு தப்பாவது கண்டுபிடிச்சிருக்கலாம்டி” என்றாராம். “ஏதாவது ஒண்ணு. இங்க நின்னுருக்கணும், அங்க நின்னுருக்கணும், இப்படிச் சொல்லியிருக்கணும்னு. எல்லாத்தையும் நான் சரியாதான் செஞ்சேன்னா அப்புறம் ஏன் அந்த ஆள் செத்தான்?”

கண்ணாடி குனிந்து அவருடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் ரேடியோ நின்றுபோனது. அடியோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன், கேட்டதற்குப் பதில் சொல்வார். வேலைக்குப் போவார், வருவார். ஆனால் வீட்டுக்குள் வித்தியாசமான காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. மோட்டார் பைக்கைக் காரணமில்லாமல் தன் கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டார். கைக்கடிகாரத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டி, “எனக்குக் கை அரிக்குதுண்ணே, நீங்க கட்டிக்குங்க” என்றார். அந்த மனுஷனும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டி வால்வை எப்படி மூடுவது, மோட்டாரில் காற்று அடைத்தால் எப்படி எடுப்பது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்.

“இதெல்லாம் எனக்கெதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல?” என்றாள்.

“தெரிஞ்சு வெச்சுக்கோ. ஆத்திர அவசரத்துக்கு உதவும்.”

அவள் கீழே இறங்கி வந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். “அக்கா, இவர் ஊருக்குப் போற மாதிரி பேசறார்க்கா” என்றாள். கடிகாரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவருடைய பிரிவில் இருப்பவர்களை எந்த நேரமும் கூப்பிடுவார்கள். அதனால் அவர்கள் மட்டும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரலாம், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று விதி. பெட்டி அவர்கள் படுக்கையறை அலமாரிக்கு அடியில் இருந்தது. “ஆயுத அறையிலேயே வெச்சுட்டு வாங்களேன்” என்று கேட்டுப் பார்த்தாள். “ஏன்னு கேப்பாங்க” என்றார். “உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க.” “உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரிடம் பேசிப் பலனில்லை என்று ஆனதும், கடையில் அரை நாள் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனாள். பின்கட்டில் ஆயுத அறை. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஓய்வுபெறப் போகிற வயதில் ஒருவர், எண்ணெய்த் துணியும் கையுமாக. இவளுடைய கடையில்தான் அவர் கண்ணாடி மாற்றுவார். அதனால் முகம் தெரியும்.

“நான் கொண்டாந்து குடுத்தா வாங்கிப்பீங்களா?” என்று கேட்டாள்.

அவர் துணியைக் கீழே வைத்தார். “நீ தொடவே கூடாதும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கினவர்தான் திருப்பிக் குடுக்கணும். வேற யார் கையில இருந்தாலும் அது கேஸு. ஏம்மா, என்ன விஷயம்?”

விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து வந்து, தானே ஆய்வாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கதவைச் சாத்தினார். அதைக் கண்ணாடி எப்போதும் சொல்வாள்.

“அடிச்சாராம்மா?”

“இல்லீங்க ஐயா.”

“மிரட்டினாரா? துப்பாக்கியைக் காட்டினாரா? குடிச்சுட்டு வந்து கலாட்டா ஏதாவது?”

“இல்லீங்க. பாத்திரம் கழுவிக் குடுக்கறார். பாப்பாவுக்குத் தலை சீவி விடறார். முன்னாடியெல்லாம் செய்ய மாட்டார்.”

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். “பாருங்கம்மா, என் கையில இருக்கறது ரெண்டு வழிதான். வீட்டுக்காரர் மிரட்டினார்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, அடுத்த நிமிஷம் ஆளை அனுப்பித் துப்பாக்கியை எடுத்துருவேன். ஆனா அவரையும் சேத்துத் தூக்கணும், அது விதி. இல்லைன்னா, முடியலைன்னு அவரே மருத்துவர்கிட்ட போய்ச் சொல்லணும். சொன்னா மருத்துவர் எழுதுவார், நான் வாங்கி வெச்சுப்பேன். தகுதின்னு மருத்துவர் எழுதிக் குடுத்த ஒருத்தர்கிட்ட இருந்து, சம்சாரம் பயப்படறாங்கன்னு ஆயுதத்தை நான் வாங்க முடியாது. நாளைக்கு வீட்டுச் சண்டையில ஒவ்வொருத்தரும் வந்து நிப்பாங்க.”

“நடுவுல வேற வழி இல்லையாங்க?”

“விதியில இல்லம்மா.” அவள் எழுந்ததும், “நான் அவரைக் கூப்பிட்டுப் பேசிப் பாக்கறேன்” என்றார்.

பேசவும் செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று. ரேடியோ அவரிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசி, “வீட்ல கொஞ்சம் பயந்த சுபாவம் ஐயா” என்று முடித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இவளிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “என்னை நினைச்சுக் கவலைப்படாதே” என்று மட்டும் சொன்னார். அன்றையிலிருந்து பெட்டிச் சாவியைக் கழுத்தில் ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டார். குளிக்கப் போகும்போது மட்டும்தான் கழற்றுவார்.

அடுத்த சில நாளில் கண்ணாடி ஆளே பாதியாகிவிட்டாள். கடையில் லென்ஸ் உடைத்தாள். ஒருநாள் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, இந்தச் சுவத்துல முகத்தை இடிச்சுக்கிட்டா அடிச்ச மாதிரி வீங்குமா?”

“பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?”

“அடிச்சார்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா. உடனே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க.” பிறகு அவளே தலையை ஆட்டினாள். “ஆனா நான் அப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவார். அதுக்குத் துப்பாக்கியே வேண்டாம்.”

நான் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? என் வீட்டுக்காரர் ரேடியோவோடு மூன்று நான்கு முறை நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கு” என்று திரும்பி வந்தார்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ரேடியோவுக்கு வார ஓய்வு. முந்தின நாளே பாப்பாவைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் எதற்கு என்று கேட்டதற்கு, அத்தை பார்க்க ஆசைப்படுகிறாள் என்றார். காலையில் இவளுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். அந்தத் தெளிச்சிதான் அவளைப் பேருந்து ஏற விடவில்லை.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனவள் திரும்பி ஓடி வந்தாள். சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரும்புப் பெட்டி கட்டிலின் மேல் இருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. பக்கத்தில் தேய்த்து மடித்த சீருடை.

பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, சாப்பாட்டுப் பையிலிருந்த டப்பாவை வெளியே வைத்துவிட்டு, ஒரு துண்டில் சுற்றி அதற்குள் வைத்தாள். வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினாள். என் கதவைத் தட்டி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“அக்கா, நான் இதைக் குடுத்துட்டு ஆளோட வர்ற வரைக்கும் திறக்காதீங்க. கதவுகிட்ட உக்காந்து அவரோட பேசிட்டே இருங்க. பேச்சை மட்டும் விட்டுறாதீங்க.”

“எதைக் குடுத்துட்டு?” என்று கேட்கும்போதே அவள் பையைப் பார்த்தேன். அவள் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. நான் அவர்கள் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் அலமாரி திறக்கிற சத்தம், கட்டில் இழுபடுகிற சத்தம். அப்புறம் கதவு அதிர்ந்தது.

“யாரு பூட்டினது? யாரு வெளிய?”

“நான்தான் தம்பி.”

“திறங்கக்கா!”

“சாவி எங்க வெச்சேன்னு தேடிட்டிருக்கேன் தம்பி.”

“அவ எங்க? அதை எடுத்துட்டா போனா? அக்கா, அவளை யாராவது பாத்தா சுட்டுருவாங்க! திறங்க!” கதவை உதைத்தார். காவலர் குடியிருப்புக் கதவு, லேசில் உடையாது. அவர் கத்தக் கத்த, நானும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் உதைப்பது நின்றுபோனது. அதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் வேறு என்னென்னவோ இருக்கிறதே என்று என் மனசு எங்கெங்கோ போனது. பேச்சை விடாதே என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் என்ன பேசுவது? வாயில் வந்ததைக் கேட்டேன்.

“தம்பி, எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. வாஷர் மாத்தணுமா, குழாயையே மாத்தணுமா?”

கதவை விரலால் தட்டினேன்.

“தம்பி? கேக்குதா? கதவுகிட்ட வந்து உக்காருங்க, எனக்குக் காது சரியில்ல.”

ரொம்ப நேரம் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் ஆள் சரிந்து உட்காருகிற சத்தம் கேட்டது. “மூடினதுக்கு அப்புறமும் சொட்டுதா?” என்றார்.

“ஆமா, மூடினாலும் சொட்டுது.”

“அப்ப வாஷர்தான்.”

“என்ன சைஸ்னு கேக்கணும் கடையில?”

“அரை இஞ்ச்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, கேவிக் கேவி அழ ஆரம்பித்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குழாய், மோட்டார், குக்கர், பக்கத்து வீட்டு நாய் என்று என்னென்னவோ கேட்டுக்கொண்டே இருந்தேன். சிலதுக்குப் பதில் சொன்னார்.

அந்த நேரத்தில் கண்ணாடி பேருந்தில் இருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டிருக்கிறாள். பக்கத்து சீட்டு அம்மா காய்கறிப் பையைத் தூக்கி இவள் மடிமேல் வைத்து, “கொஞ்சம் பிடிம்மா, சில்லறை எடுக்கறேன்” என்றாளாம். பிறகு, “சாப்பாடா? கனமா இருக்கும் போலிருக்கே, எத்தனை பேருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். கண்ணாடி, “ஒருத்தருக்குத்தான்” என்று சொன்னாளாம்.

நிலைய வாசலில் மேஜை போட்டுப் பையைச் சோதிப்பார்கள். காவலுக்கு நின்றவர் புதிது. பையைத் திறக்கச் சொன்னார். இவள் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. “உள்ள துப்பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டாள்.

அவர் துள்ளிப் பின்னால் போய்த் தன் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். பையைக் கீழே போடச் சொல்லிக் கத்தினார். இவள் போடவில்லை. “சத்தம்தான் காதுல விழுந்துச்சுக்கா, வார்த்தை விழல” என்றாள் என்னிடம். “அப்புறம் புரிஞ்சுது. ஆனா போட்டா வெடிச்சுருமோன்னு பயம். போடலைன்னா சுட்டுருவாங்கன்னு பயம். கை பையை விடமாட்டேங்குது. அவர் மறுபடியும் கத்தறார். நான் அவரை நோக்கி ஒரு அடி வெச்சுட்டேன், அதை நீங்களே வாங்கிக்கங்கன்னு குடுக்கறதுக்கு. அந்தத் தச்சரும் இப்படித்தான் ஏதாவது குடுக்க வந்தாரோ என்னவோ.”

டீ குடிக்க முற்றத்தில் வந்துகொண்டிருந்த ஆயுத அறைப் பெரியவர் அவளைப் பார்த்துவிட்டார். “சுடாதே! சுடாதே! நம்ம ரேடியோ வீட்டுக்காரம்மா!” என்று கத்திக்கொண்டே குறுக்கே வந்து, நீட்டிய துப்பாக்கிக்கும் இவளுக்கும் நடுவில் நின்றார். இவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையை வாங்கினார். சுடும் எல்லைக்குள் புகக் கூடாது என்ற விதியை மீறியதற்காகப் பிறகு அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. “கண்ணாடி மாத்தணும், சரியா தெரியலைன்னு எழுதிக் குடுத்தேன்” என்று கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தாராம்.

அந்த வாசலிலேயே கண்ணாடி முட்டிபோட்டு உட்கார்ந்து சொன்னது இதுதான்: “என்னைப் பிடிச்சுக்கங்க. ஆனா முதல்ல வீட்டுக்கு யாரையாவது அனுப்புங்க.”

அனுப்பினார்கள். ஆய்வாளரே வந்தார். நான் கதவைத் திறந்தபோது ரேடியோ ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் மடியில் இருந்தது, காலியாக. “அவ உயிரோட இருக்காளா?” என்று ஆய்வாளரைக் கேட்டார். இருக்கிறாள் என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து கூடப் போனார்.

ஆயுதத்தைப் பாதுகாக்கத் தவறினால் உடனே பணியிடை நீக்கம், ஆயுதம் பறிமுதல், கட்டாய மருத்துவப் பரிசோதனை. இதுவும் விதிதான். இவள் கெஞ்சிக் கேட்டபோது எங்கேயும் இல்லாத கதவு, இவள் குற்றம் செய்த பிறகு தானாகத் திறந்துகொண்டது. இந்த முறை மருத்துவர் அவருடைய சிரிப்பில் மயங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணாடியின் மேல் அரசாங்க ஆயுதத்தைத் திருடியதாக வழக்கு. ஜாமீனில் வந்தாள். பணியிடை நீக்கம் ஆனவருக்குக் குடியிருப்பு கிடையாது. வீட்டைக் காலி செய்துகொண்டு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறைக்குப் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டியை என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், ரேடியோ வாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு துறையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வீட்டில் வைக்கும் ஆயுதப் பெட்டிகளைச் சுவரோடு திருகி இறுக்க வேண்டுமாம். எங்கள் கட்டடம் முழுக்க ஒரு வாரம் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் துறைக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பல மாதம் ரேடியோ அவளோடு பேசவில்லை. பேசியது ஒரே ஒரு தடவை: “ஊர் முன்னாடி என்னை அம்மணமா நிக்க வெச்சுட்ட.” மாத்திரையை எடுத்து வைப்பாள், தண்ணீர் வைப்பாள், கடைக்குப் போவாள். கடைக்காரர் நல்ல மனுஷர், வழக்கு இருந்தும் வேலையை விட்டு எடுக்கவில்லை. “எனக்கே சில நாள் தோணுதுக்கா, இவர் என்னைப் பாக்கற பார்வையைப் பாத்தா, நான் காப்பாத்தினேனா இல்ல இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போட்டேனான்னு” என்றாள் ஒருநாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. அவளுடைய வக்கீல், சாப்பாட்டுப் பை என்று நினைத்துத் தவறுதலாக எடுத்துவிட்டேன் என்று சொல்லும்படி எவ்வளவோ சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். ஆனால் காரணத்தையும் சொல்ல மாட்டேன் என்றாள். “அது அவர் சொல்ல வேண்டியது, நான் சொன்னா இன்னொரு தடவை அவமானப்படுத்தின மாதிரி ஆயிரும்.” வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆயுதத்துக்குப் பொறுப்பானவர் என்று ரேடியோவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் மெலிந்து போயிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. அரசு வக்கீல் எண்ணைப் படித்துக் காட்டி, இது உங்கள் பொறுப்பில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார். பெட்டியைப் பூட்டி வைத்திருந்தீர்களா? இல்லை என்றார்.

“ஏன் பூட்டவில்லை?”

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“குளிச்சுட்டு வந்து அதை எடுக்கறதா இருந்தேன்” என்றார். குரல் எழும்பவில்லை. நீதிபதி கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னார். “அன்னைக்கு நான் சாகறதா இருந்தேன் ஐயா. அவளுக்கு அது தெரிஞ்சுபோச்சு. யார்கிட்டயோ எல்லாம் போய்ச் சொல்லிப் பாத்திருக்கா. யாராலயும் முடியல. அதனால எடுத்துட்டுப் போனா. திருடறதுக்கு எடுக்கல.”

அதுவரை அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணாடி தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

குற்றம் குற்றம்தான் என்று நீதிபதி சொன்னார். ஆனால் சிறை வேண்டாம், எச்சரித்து விடுவதாகச் சொன்னார். வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. படியில் இறங்கும்போது அவர், “கடைக்குப் போகணுமா இன்னைக்கு?” என்று கேட்டார். அவள், “மத்தியானத்துக்கு மேல வர்றதா சொல்லியிருக்கேன்” என்றாள். “சாப்பிட்டுட்டுப் போ” என்றார். அவ்வளவுதான்.

பணியிடை நீக்கம் முடிந்து, துறையில் அவரைச் சீருடைக் கிடங்கில் போட்டார்கள். சட்டை, பெல்ட், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. இனி ஆயுதம் தொட முடியாது. சில கூட்டாளிகள் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். சிலர் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த மருத்துவர் எப்படி, போனால் வெளியே தெரிந்துவிடுமா என்று கேட்கிறார்களாம். அவர் முகவரி மட்டும் சொல்லி அனுப்புகிறார்.

ஆள் மீண்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நாளும் இருக்கிறது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவார், கடையிலிருந்து ரொட்டி வாங்கி வருவார். சில நாள் காலையில் என் போன் அடிக்கும்.

“அக்கா, இன்னைக்கு எழுந்திரிக்க மாட்டேங்கிறார். சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கார். நான் கடைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.”

“நான் வரட்டுமா?”

“வாங்கக்கா.”

அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.